சுண்ணாம்பு காய்கிற நேரம்

வக்கீலின் கறுப்புக் கோட்டு போன மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவள் நாத்தனார். சலவைக்கடை அவளுடையது. கடைக்கு வருகிற துணியில் கிழிசல் இருந்தால் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்து இழையோட்டி வாங்கிப் போவாள். இப்போது கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, நடு அறையில் நின்றாள்.

"ஏம்மா ஊசி, இது என்ன கலர்?"

"கறுப்புக்கா."

"நீ ஓட்டின நூலு?"

"அதுவும் கறுப்புதான்."

"அப்படியா? கொஞ்சம் வாசலுக்கு வா."

வாசல் வெளிச்சத்தில் கோட்டின் முதுகுப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். ஊசி என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். கறுப்புத் துணியில், விரல் நீளத்துக்கு, பளிச்சென்று ஒரு நீலக் கோடு.

"கோர்ட்டுல ஜன்னல் பக்கமா நின்னு பேசியிருக்காரு. எதிர்க்கட்சி வக்கீல் அந்தக் கோட்டைப் பாத்துப் பாத்துச் சிரிச்சதுல இவரு என்ன சொல்ல வந்தோம்கறதையே மறந்துட்டாராம். என்கிட்ட வந்து குதிக்கிறாரு."

இருபத்திரண்டு வருஷமாக ஊசி செய்கிற தொழில் இது. கிழிந்த துணியின் உள்மடிப்பிலிருந்தே இழையை உருவி எடுத்து, கிழிசலின் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அங்கே கிழிந்திருந்த சுவடே இல்லாமல் செய்வாள். உள்மடிப்பில் இழை கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் நூல் தேடிப் பிடிப்பாள். அவள் வேலையை யாரும் வாய்விட்டுப் பாராட்டியது கிடையாது. பாராட்ட வேண்டுமென்றால் முதலில் அது கண்ணில் பட வேண்டுமே! அப்படிப்பட்டவள் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தைத்துவிட்டாள். கண்ணில் கோளாறு இல்லை. வாசலில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிகிறது. கோளாறு வீட்டில். பல்பு வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

இந்த வீட்டை வாங்கியது அவள் புருஷனின் கைங்கரியம். அவர் பஸ் டிரைவர். குரல் கொஞ்சம் பெரிது என்பதால் அவருடைய அக்காவே அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்துவிட்டாள். தினமும் பஸ் இந்தத் தெருவில் திரும்பும்போது ஒன்றோடொன்று தோள் ஒட்டிய மாதிரி நிற்கிற எட்டுக் கல்வீடுகளைப் பார்த்து, பார்த்து, கடைசியில் கடைசி வீட்டின் மேல் மையல் கொண்டுவிட்டார். ஒரு காலத்தில் எட்டும் நெசவாளர் வீடுகள். கீழே இரண்டு அறைகளில் குடும்பம். மேலே மாடி முழுக்க ஒரே அறை, அதில் தறிகள். உத்தரக் கட்டைகளில் தறியின் மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திய வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. மாடியின் பக்கச் சுவரில் ஒரு கதவு உண்டு. திறந்தால் வெளியே படியும் கிடையாது, பலகையும் கிடையாது. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நூல் மூட்டையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கவும், நெய்த துணியைக் கீழே இறக்கவும் அந்தக் கதவு. சமையல் நடக்கிற அறை வழியாக மூட்டை தூக்கிப் போய் யாரிடமும் திட்டு வாங்க வேண்டாம் பாருங்கள்.

"எங்க மாமனார் வந்தா இந்தக் கதவு வழியாத்தான் வழியனுப்பப் போறேன்" என்று ஹாரன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"தறி இருந்த ரூம்னா வெளிச்சம் கொட்டும். நீ மேல உக்காந்து ராணி மாதிரி தைக்கலாம்" என்றுதான் அவளைச் சம்மதிக்க வைத்தார். பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே குடிவந்த அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிட்டது. மாடியில் தெருப்பக்கச் சுவர் நெடுக, உள்ளேயும் வெளியேயும் பூசி மெழுகிய வெறும் சுவர். ஒரு மூலையில் தலையணை அளவுக்கு ஒரே ஒரு ஜன்னல். கொக்கிக் கதவைத் திறந்தால் இரண்டு முழம் தள்ளி ஒரு கிடங்கின் சுவர் மூக்கில் இடிக்கிறது. கீழ் அறைகள் இன்னும் மோசம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். தெருப்புழுதி கம்பளித் துணியில் ஏறி, வெளுத்து வந்த கோட்டைத் திரும்ப வெளுக்கப் போட வேண்டியதாயிற்று.

"ஜன்னல் வெச்சுக்கிட்டாப் போச்சு" என்று ஹாரன் கிளம்பினார். அதற்கும் முட்டுக்கட்டை. எட்டு வீடுகளும் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசாங்கப் பட்டியலில் இருந்தன. அதைக் கவனிக்கிற அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி இரண்டே வாக்கியத்தில் அவர் வாயை அடைத்துவிட்டார். ஏற்கெனவே இருந்து அடைபட்ட ஜன்னலைத் திறக்கலாம். இல்லாத ஜன்னலைப் புதிதாக வைக்கக் கூடாது.

"இருந்துதுக்கு என்ன ஆதாரம்? எங்ககிட்ட இருக்கற பழைய வரைபடத்துல ஒரு ஜன்னல்தான் இருக்கு. புதன்கிழமை நேர்ல வந்து பாக்கறேன். ஒரு தடவைதான் வருவேன். அதுவரைக்கும் சுவர்ல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது."

தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கெட்டிச் சுவரு. எங்க தட்டினாலும் ஒரே சத்தம். இதுல ஜன்னலாவது ஒண்ணாவது."

கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று நாத்தனார் கையோடு ஒரு வழியும் வைத்திருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உள்ளபடியே அக்கறைதான். "கடைக்கு வந்துடு. வெளுத்த சட்டையை மடிச்சுக் கவர்ல போடணும், அவ்வளவுதான். கண்ணுக்கு வேலையே இல்ல. உனக்குன்னு ஒரு நாற்காலி கூட வாங்கிப் போட்டுட்டேன்."

"புதன்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா" என்றாள் ஊசி.

சட்டை மடிப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் விரல்நுனியில் சேர்த்து வைத்ததை ஒரு கவருக்குள் போட்டு மூட அவளுக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரி முழுக்கப் புருஷனோடு பேசவில்லை. அவரும் முதல்முறையாக ஹாரன் அடிக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை மாடியைப் பெருக்கும்போதுதான் அது நடந்தது. துடைப்பம் ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கியது. குனிந்து பார்த்தாள். தரைப் பலகையில் இரண்டு குழிகள், பக்கத்தில் பக்கத்தில், குதிகால் அளவுக்கு, தேய்ந்து வழவழவென்று. தள்ளி இன்னொரு ஜோடி. அப்புறம் இன்னொன்று. எல்லாம் தெருப்பக்கச் சுவரை ஒட்டியே வரிசையாக இருந்தன. தறியில் உட்கார்ந்தவர்களின் கால் தேய்த்த குழிகள் என்று அவளுக்குப் புரிந்தது. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு அது புரியாதா? அவளுடைய பழைய வீட்டுச் சிமெண்டுத் தரையிலேயே நாற்காலிக்குக் கீழே ஒரு வழவழப்பு விழுந்திருந்தது.

புரியாதது ஒன்றுதான். இவ்வளவு பெரிய அறையில் இருக்கிற ஒரு ஜன்னலை விட்டுவிட்டு, இருட்டுச் சுவரை ஒட்டிப் போய் எவனாவது தறி போடுவானா? ஒவ்வொரு இழையாக எண்ணிப் பார்க்கிற வேலை அது. பைத்தியக்காரன்கூட வெளிச்சம் பார்த்துத்தான் உட்காருவான்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஒட்டுப்போட்ட துணி அவளிடம் வரும்போது கண்ணால் பார்க்க மாட்டாள், விரலால்தான் பார்ப்பாள். எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பழைய துணியும் புதுத் துணியும் சந்திக்கிற இடத்தில் ஒரு மயிரிழைத் தடுக்கல் இருக்கும். சுவரிலும் இருந்தது. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்துத் தலைக்கு மேல் வரை நேராக ஏறியது. துணிக்குப் போடும் சாக்குக்கட்டியை எடுத்துவந்து கோடு போட்டாள். நாலு சாண் தள்ளி இன்னொன்று. மூன்று சாயங்காலம் தடவித் தடவி ஒன்பது கோடுகள் கண்டுபிடித்துவிட்டாள். விரலுக்குச் சிக்காத ஓரங்களையும் சேர்த்தால், சாண் கணக்குப்படி ஏழு ஜன்னல்கள் இருந்திருக்க வேண்டும். அதிகாரி வரட்டும், அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு கோட்டிலும் வைத்துக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷனிடம் மூச்சு விடவில்லை. இவரிடம் ஒன்று சொன்னால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொன்ன மாதிரி. தவிர, கொஞ்சம் தவிக்கட்டுமே என்ற எண்ணமும் இருந்தது. அந்தச் சின்ன வன்மம்தான் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது.

புதன்கிழமை காலை, அதிகாரி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஊசி எட்டு மணிக்கே சலவைக்கடைக்குப் போனாள். வக்கீல் கோட்டுக்காக நாத்தனாரிடம் இன்னும் ஒரு வாரம் கெஞ்சிக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது, பச்சைச் சுண்ணாம்பு வாசனை.

படிகளில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஹாரன் தலையில் துண்டு கட்டி, மூக்கு நுனியில் சுண்ணாம்பு வழிய, கையில் வெள்ளையடிக்கிற மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு பெருமிதம். சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஈரமாகப் பூசியிருந்தது. சாக்குக்கட்டிக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

"பாத்தியா? செக்கிங்குக்கு வண்டியைக் கொண்டு போறதுன்னா கழுவித்தான் கொண்டு போகணும். அழுக்கா இருந்தா ஆபீசருக்கு ஆரம்பத்துலயே எரிச்சல் வந்துடும்."

"அந்தக் கோடெல்லாம் எங்கங்க?"

"எது, அந்தக் கொத்தனார் கிறுக்கிட்டுப் போனதா? ரெண்டு கை கூடுதலா அடிச்சு மறைச்சுட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும் போலிருந்தது, குரல் வரவில்லை. பிறகு வந்தது, வந்தபோது அவருடைய ஹாரன் ஒன்றுமே இல்லை. மூன்று சாயங்காலம், ஒன்பது கோடு, ஏழு ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். கேட்கக் கேட்க ஹாரனின் முகம் சுவரை விட வெளுத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

இரண்டும் நியாயம். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அதிகாரி வேகமானவர். கையில் ஒரு டார்ச், ஒரு அளவு நாடா, தோளில் கேமரா. மாடிக்கு வந்ததும் உத்தரத்து வெட்டுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொக்கிக் கதவைப் பார்த்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. சுவர் பக்கம் திரும்பியதும் அது மறைந்தது.

"இன்னிக்குத்தான் அடிச்சீங்களா?"

"காலையில" என்றார் ஹாரன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் குரலில்.

ஊசி எழுந்து அதிகாரி பக்கத்தில் போனாள். "மேடம், கையைக் குடுங்க. இங்க ஒரு இழை மாதிரி தட்டுப்படும் பாருங்க." அதிகாரி மறுக்காமல் விரலை வைத்தார். சுண்ணாம்புக் குழம்பு தடுக்கலையெல்லாம் நிரப்பி வழவழவென்று மூடியிருந்தது. விரல் வெள்ளையானதுதான் மிச்சம். தரையில் இருந்த குழிகளைக் காட்டினாள். அதிகாரி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்து, அளந்து, குறித்துக்கொண்டார்.

"தறி இங்க இருந்துதுங்கறதுக்கு இது ஆதாரம். ஜன்னல் இருந்துதுங்கறதுக்கு இல்ல. நீங்க சொல்றதை நான் நம்பாம இல்லம்மா. ஆனா நான் பாக்கறதைத்தானே எழுத முடியும்?"

அதிகாரி கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அவளுக்குச் சலவைக்கடையின் புது நாற்காலி கண்முன் வந்து நின்றது. நாளைக்கே போய்விட வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

"மேடம், ஒரு டீ" என்றார் ஹாரன். செய்த பாவத்துக்கு வேறு என்ன பரிகாரம் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் கீழே இறங்கிப் போய், மூன்று தம்ளரோடு வந்துவிட்டார். டீ நல்ல சூடு. அதிகாரி ஊதி ஊதிக் குடிக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் ஹாரன் கொக்கிக் கதவையும் மாமனாரையும் பற்றிய நகைச்சுவையை எடுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஊசி தம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றாள். பச்சைச் சுண்ணாம்பு ஈரத்தில் வெள்ளையாகத் தெரியாது, சாம்பலாக இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். சுவர் காய ஆரம்பித்திருந்தது. ஆனால் ஒரே மாதிரி காயவில்லை. ஓரிடத்தில் அகலமாக ஒரு கட்டம் வெளுத்திருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை இன்னும் ஈரச் சாம்பலாகவே நின்றது. அடுத்து மறுபடி வெள்ளைக் கட்டம். மறுபடி ஈரப் பட்டை. முதலில் தன் கண்ணில் நீர் கட்டியதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"மேடம்" என்றாள். "அங்க பாருங்க."

அதிகாரி நிமிர்ந்தார். தம்ளரை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் ஹாரனின் கையில் திணித்துவிட்டுக் கேமராவை எடுத்தார்.

"யாரும் தொடாதீங்க. சுவர்கிட்ட போகாதீங்க. பத்து நிமிஷத்துல இது மறைஞ்சுடும்."

"என்ன மேடம் இது?" என்றார் ஹாரன் பயந்துபோய். தன்னுடைய வெள்ளையடிப்பில் மேலும் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவருக்கு எண்ணம்.

"செங்கல் தண்ணியைச் சட்டுனு குடிச்சுடும். கருங்கல்லு குடிக்காது, ஈரம் மேலயே நிக்கும். பட்டை பட்டையா ஈரமா நிக்கறது கல் தூணு. நடுவுல வெள்ளையாக் காஞ்சுது பாருங்க, அதெல்லாம் பின்னால செங்கல் வெச்சு அடைச்சது." பேசிக்கொண்டே படம் எடுத்துத் தள்ளினார். "எண்ணுங்கம்மா."

அவள் எண்ணினாள். விரலை நீட்டி, சத்தமாக எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." தலையணை ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து அந்தக் கோடி வரை, உயரம் மாறாமல், அகலம் மாறாமல், ஏழு வெள்ளைக் கட்டங்கள். நடுவில் ஆறு ஈரத் தூண்கள். ஏழு என்று சொன்னபோது குரல் உடைந்து அழுதேவிட்டாள். ஹாரனுக்கும் கண் கலங்கியது. இரண்டு கையிலும் தம்ளர் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியாமல் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ஈரப் பட்டைகளும் வெளுத்து, சுவர் மறுபடி ஒரே வெள்ளையாகிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. அதற்குள் அதிகாரி அளவெல்லாம் எடுத்து முடித்திருந்தார். கடைசியாக ஒரு சின்னக் கத்தியால் ஒரு தூணின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டினார். உள்ளே கல்லின் விளிம்பு கூராக இல்லாமல் உள்வாக்கில் சாய்வாகச் செதுக்கியிருந்தது.

"வெளிச்சம் இடிக்காம உள்ள வரணும்னு சாய்ச்சுச் செதுக்குவாங்க. தறி வீட்டு ஜன்னல்ல மட்டும்தான் இவ்வளவு அக்கறையாச் செய்வாங்க" என்றார். "மில் வந்ததும் நெசவாளருங்க எல்லாம் அங்க போயிருப்பாங்க. வீட்டுக்காரன் இதைப் பலகை வெச்சுச் சின்னச் சின்ன ரூமாத் தடுத்து வாடகைக்கு விட்டிருப்பான். தூங்கற ரூமுக்கு எதுக்கு ஏழு ஜன்னல்னு அடைச்சிருப்பான். எங்க வரைபடம் அதுக்கப்புறம் போட்டது போல. அடைச்ச ஆளு ரொம்பக் கெட்டிக்காரன், ஒட்டு தெரியாமச் செஞ்சிருக்கான்."

"ஆமா" என்றாள் ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவன் மட்டும் கொஞ்சம் மோசமா வேலை செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது." சொன்ன பிறகுதான் தன் தொழிலையே திட்டிக்கொள்கிறோம் என்று உறைத்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அனுமதிக் கடிதம் வந்த மறுநாளே அதே கொத்தனார் வந்தார். "அன்னிக்குத் தட்டும்போதே எனக்கு ஒரு சந்தேகம்" என்று கூசாமல் ஒரு போடு போட்டார். முதல் ஜன்னலின் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவியதும் தெருவின் வெளிச்சம் சாய்ந்த கல்லைத் தொட்டு உள்ளே இறங்கியது. வெயில் இல்லை, கூசவில்லை, வெறும் வெளிச்சம். தரைப் பலகையில் நேராகப் போய் அந்த இரண்டு குழிகளின் மேல் விழுந்தது.

"நான் வெள்ளையடிச்சதாலதான் இத்தனையும்" என்றார் ஹாரன்.

"ஊர் பூரா சொல்லுங்க."

"ஏற்கெனவே சொல்லிட்டேன்" என்றார் அவர். உண்மையிலேயே சொல்லியிருந்தார். பஸ் அந்தத் தெருவில் திரும்பும்போது பயணிகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் நாத்தனார் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஒரு கையில் வக்கீல் கோட்டு. இன்னொரு கையில், தலைகீழாகப் பிடித்தபடி, சலவைக்கடையில் வாங்கிப் போட்ட அந்தப் புது நாற்காலி.

"எனக்கு எதுக்கு இது? நான் நின்னுக்கிட்டே மடிச்சுக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டாள். "அந்தாளு நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகணுமாம். நீலமோ பச்சையோ ஓட்டினே, நான் பொறுப்பில்ல."

ஊசி உட்கார்ந்தாள். குதிகால்கள் தாமாகவே இரண்டு பள்ளங்களில் போய் அமர்ந்தன. நீல இழையை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். இரண்டு நூல்கண்டுகளை மடியில் வைத்து, புருஷனைக் கூப்பிட்டுக் கறுப்பு எது என்று கேட்டாள். அவர் ரொம்ப யோசித்து, நிதானமாக, கருநீலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பாத்தியா, எனக்கு எந்த வெளிச்சத்துலயும் தெரியாது" என்றார்.

அவள் சிரித்தபடி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கறுப்பு நூலை எடுத்தாள். ஊசிக்காதில் அது முதல் தடவையிலேயே நுழைந்தது.